கொலுசுப் பட்டறைக்காரரின் விறைப்புக் குறைபாடு: ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வருபவர் ஒரே ஆள் அல்ல. சேலம் வட்டாரத்திலிருந்து இந்தக் குறையோடு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் கூறுகளை ஒருவர் மேல் ஏற்றி எழுதியிருக்கிறோம். அளவுகளும் மருந்துகளும் வழக்கமான சிகிச்சையில் உள்ளவைதான். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் போய் மாத்திரை வாங்க வேண்டாம். அதனால் என்ன ஆகும் என்பதும் இந்த நிகழ்விலேயே வருகிறது.

வந்தபோது

வயது 44. செவ்வாய்ப்பேட்டையில் சொந்தமாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை, ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கம்பி இழுப்பதிலிருந்து பற்றவைப்பது, மெருகு போடுவது வரை எல்லாம் ஒரே கூடத்தில். காலை ஒன்பதுக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் இரவு எட்டு, ஒன்பது ஆகும். நடுவில் ஐந்தாறு டீ, சாயங்காலம் தட்டுவடை செட். ஒரு நாளைக்குப் பத்து சிகரெட். வாரம் இரண்டு முறை ஒரு குவார்ட்டர். மனைவிக்கு 41 வயது. பெரிய பையன் பிளஸ் டூ, சின்னவள் எட்டாவது. இதய நோயாளியான அம்மாவும் கூடவே இருக்கிறார். வீட்டில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை.

வந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "நரம்புத் தளர்ச்சிங்க. பதினாலு மாசமா ஆச்சு." குறியைப் பற்றியோ விறைப்பைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. இங்கே ஆண்கள் இந்தக் குறையை இப்படித்தான் சொல்வார்கள்; நரம்பு, தளர்ச்சி, அசதி, தாது என்று. கேட்பவர்தான் நேராகக் கேட்க வேண்டும்: விறைப்பு வருவதே இல்லையா, வந்து பாதியில் போகிறதா, விந்து சீக்கிரம் வெளியேறிவிடுகிறதா, ஆசையே குறைந்துவிட்டதா? நான்கும் நான்கு வேறு குறைகள், வைத்தியமும் வேறு வேறு. இவருக்கு ஆசை இருந்தது. விறைப்பு வந்தது, ஆனால் நுழைக்கும் நேரத்தில் தளர்ந்துவிட்டது. கடைசி ஆறு மாதத்தில் முயற்சியே அபூர்வம். ஆர்டர் அவசரம் என்று சொல்லிப் பட்டறையிலேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்.

எங்களிடம் வருவதற்கு முன் மூன்று இடத்தில் பார்த்திருந்தார்.

முதலில், மாதம் இரண்டு நாள் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி வைத்தியம் பார்ப்பவர். சிறுவயதுக் கைப்பழக்கம் நரம்பை வற்ற வைத்துவிட்டது என்று சொல்லி, ஒரு மண்டலத்துக்கு லேகியம் கொடுத்திருக்கிறார். காலையும் இரவும் இரண்டு ஸ்பூன், 48 நாள். அதோடு "முக்கியமான நேரத்துக்கு" என்று ஒரு பொட்டலம் சூரணம். சூரணம் சாப்பிட்ட முதல் சில இரவுகளில் நன்றாகவே இருந்ததாம். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் முகம் சூடாகிச் சிவக்கும், மூக்கடைக்கும், தலை வலிக்கும், டியூப் லைட் வெளிச்சம் லேசாக நீலமாகத் தெரியும். விறைப்புக்குக் கொடுக்கும் சில்டெனாஃபில் மாத்திரையின் பக்க விளைவுகள் அச்சாக இவைதான். மூலிகை மருந்து என்ற பெயரில் சில்டெனாஃபிலைக் கலந்து விற்பது உலகம் முழுக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் திரும்பத் திரும்பப் பிடித்து எச்சரிக்கும் விஷயம். ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும் சூரணத்தைச் சந்தேகப்பட வேண்டும். ஆண்மைக் குறைவைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. சுவரொட்டி ஒட்டுகிறவர்களை அது தடுத்ததாகத் தெரியவில்லை. பொட்டலம் தீர்ந்ததும் பழைய நிலைமை இன்னும் மோசமாகத் திரும்பியது. லேகியமோ வெல்லமும் தேனும் நெய்யும். அவர் உடம்பில் அப்போதே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிந்தால், அந்த 48 நாளை நினைக்கவே சங்கடமாக இருக்கும்.

இரண்டாவது, ரத்த அழுத்தத்துக்காக ஒரு கிளினிக். அட்டெனோலால் 50 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரையின் பெயரை ஃபோனில் தட்டிப் பார்த்ததும் "ஆண்மைக் குறைவு ஏற்படலாம்" என்று வந்தது. அன்று இரவிலிருந்து கொஞ்சநஞ்சம் இருந்ததும் போயிற்று என்றார்.

மூன்றாவது, மருந்துக் கடை. சீட்டில்லாமல் சில்டெனாஃபில் 100 மி.கி. ஒரு கல்யாண நாள் இரவு மட்டன் பிரியாணி சாப்பிட்டு, குவார்ட்டரும் போட்டுவிட்டு, மாத்திரையை விழுங்கிப் படுத்து "வருதா, வருதா" என்று காத்திருந்திருக்கிறார். வரவில்லை. "அந்த மாத்திரையே எனக்கு வேலை செய்யலீங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

கேட்டவை

விறைப்புக் குறைபாட்டை அளக்க ஐஐஇஎஃப்-5 என்ற ஐந்து கேள்விப் பட்டியல் உண்டு. 1997இல் வந்த பதினைந்து கேள்வி வடிவத்தின் சுருக்கம். மொத்தம் 25. 22உம் அதற்கு மேலும் குறை இல்லை. 17 முதல் 21 லேசு. 12 முதல் 16 லேசுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில். 8 முதல் 11 நடுத்தரம். 7உம் அதற்குக் கீழும் கடுமை. இவருக்கு 9. தாளைக் கையில் கொடுத்து "நிரப்புங்க" என்று விட்டால் இந்த எண் பொய் சொல்லும். முயற்சியே செய்யாதவருக்கு எண் தானாகக் குறைந்துவிடும். முயற்சி இல்லாததால் குறைந்ததா, முயன்று தோற்றதால் குறைந்ததா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

எண்ணைவிட முக்கியமான மூன்று கேள்விகள் உண்டு. காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? தனியாக இருக்கும்போது எப்படி? தொடங்கியது திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா? நல்ல உடம்புள்ள ஆணுக்குத் தூக்கத்தில், கனவு காணும் கட்டங்களில், ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து முறை தானாக விறைப்பு வரும். பயத்துக்கு அங்கே வேலை இல்லை. அது முழுதாக இருந்து மனைவியோடு மட்டும் வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மனத்தில். அதுவும் தேய்ந்துபோனால் குழாயிலோ நரம்பிலோ கோளாறு. இவரது பதில் இரண்டுங்கெட்டான்: காலையில் வாரம் இரண்டு நாள் வரும், ஆனால் முன்பிருந்த உறுதி இல்லை, தனியாக இருக்கும்போது, மனைவியோடு இருப்பதைவிடத் தேவலை. தொடக்கம் மெதுவாக, மூன்று வருடமாகவே. பதினாலு மாதத்துக்கு முன் ஓர் இரவு முழுதாகத் தோற்ற பிறகு ஒரே சரிவு.

இந்தப் பதிலிலேயே நோய் முக்கால்வாசி தெரிந்துவிட்டது. மெதுவாக இறங்கிய மூன்று வருடம் உடம்பின் கணக்கு. திடீரென்று சரிந்த பதினாலு மாதம் பயத்தின் கணக்கு.

உடம்பைப் பார்த்தபோது

இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ. ரத்த அழுத்தம் 138/88. கால் நாடிகள் தெரிந்தன. பாதத்தில் தொடு உணர்வைப் பார்க்கும் 10 கிராம் நைலான் இழைச் சோதனை சரி. ஆனால் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்தபோது அதிர்வு சீக்கிரமே நின்றுவிட்டதாகச் சொன்னார். விரைகள் இயல்பான அளவு, மார்பு வீக்கம் இல்லை, குறித் தண்டில் கட்டியோ வளைவோ இல்லை.

முன்தோலை மெல்லப் பின்னுக்குத் தள்ளச் சொன்னதும் முகம் சுளித்தார். தோலின் விளிம்பில் ஆரம்போல நான்கைந்து மெல்லிய வெடிப்புகள். மொட்டில் சிவப்பு, அதன் மேல் வெள்ளைப் படலம். ஐந்தாறு மாதமாக இருக்கிறது என்றும், தேங்காய் எண்ணெய் போட்டுக்கொள்வதாகவும் சொன்னார். முன்பு பார்த்த மூன்று இடத்திலும் யாரும் உடுப்பைக் கழற்றிப் பார்க்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் முன்தோலில் இப்படிப் பூஞ்சையும் வெடிப்பும் வந்தால் முதலில் கேட்க வேண்டியது சர்க்கரையைத்தான். தோலின் அடியில் தங்கும் சிறுநீரில் சர்க்கரை இருந்தால் பூஞ்சைக்கு அது விருந்து. வெடிப்பு இருக்கும்போது ஒவ்வொரு அசைவும் வலிக்கும். வலித்தால் விறைப்பு இறங்கும். அவரோ அதையும் நரம்புத் தளர்ச்சிக் கணக்கிலேயே சேர்த்திருந்தார்.

ரத்தம்

ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 168, சாப்பிட்ட பின் 262, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.9. கொழுப்பில் எல்டிஎல் 146, டிரைகிளிசரைடு 240. கிரியாட்டினின், தைராய்டு, புரோலாக்டின் எல்லாம் சரி. ஆக, சர்க்கரை நோய். குறைந்தது சில வருடமாக இருந்திருக்கும்.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனில் ஒரு பொறி இருந்தது. அவர் தானாகவே ஒரு லேபில் மாலை நான்கு மணிக்கு எடுத்த ரிப்போர்ட் 262 என்றது. "குறைவு" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, ஊசி போட்டால் சரியாகும் என்று யாரோ வாய்மொழியாகவும் சொல்லியிருந்தார்கள். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கிவிடும். பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வேறு நாட்களில் எடுத்து, இரண்டும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்து, ஆசைக் குறைவு போன்ற அறிகுறிகளும் கூட இருந்தால்தான் அதைக் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். காலை எட்டு மணிக்கு இரு முறை எடுத்தபோது 388, 401. ஊசி தேவையில்லை. தேவையில்லாதவருக்குப் போட்டால் விரையின் சொந்த உற்பத்தி படுத்துவிடும், விந்தணுவும் குறையும்.

இன்னொரு ரிப்போர்ட்டும் கையில் வைத்திருந்தார்: குறியில் ஊசி போட்டு, ரத்த ஓட்டத்தை அளந்து எடுத்த டாப்ளர் ஸ்கேன். தமனியில் ரத்தம் பாயும் உச்ச வேகம் நொடிக்கு 27 செ.மீ., கடைசி வேகம் 6. கீழே "சிரைக் கசிவு" என்று எழுதி, ஆபரேஷன் வரை பேச்சு போயிருந்தது. உச்ச வேகம் 25க்குக் கீழே போனால் தமனிக் குறை, 35க்கு மேல் இயல்பு. இடையில் இருப்பதைச் சந்தேகத்தில் விடலாம். கடைசி வேகம் 5க்கு மேல் போனால் சிரை சரியாக மூடவில்லை என்று பொருள். ஆனால் சிரைக்கென்று தனிக் கதவு கிடையாது. உள்ளே இருக்கும் மென்தசை முழுதாகத் தளர்ந்து பஞ்சுத் திசு உப்பினால்தான் சிரை நசுங்கி மூடும். ஏசி அறையில், அறிமுகமில்லாத இருவர் நடுவில், குறியில் ஊசி குத்திக்கொண்டு படுத்திருப்பவருக்கு அட்ரினலின் பொங்கும். தசை தளராது. சிரை கசிவதுபோலவே காட்டும். இரண்டாவது டோஸ் கொடுத்து, தனியே விட்டு, மறுபடி அளக்காமல் "கசிவு" என்று எழுதக்கூடாது. ரிப்போர்ட்டை மடித்து உறைக்குள் வைத்தோம். முதல் கட்ட சிகிச்சைக்கு டாப்ளர் பெரும்பாலும் தேவையே இல்லை.

இதயத்தையும் விட முடியாது. குறிக்குப் போகும் தமனி ஒன்று இரண்டு மி.மீ. அகலம், இதயத் தமனி மூன்று நான்கு. இரண்டிலும் ஒரே படிவு படிந்தால் சின்னது முதலில் அடைக்கும். இத்தாலிய மருத்துவர் மோன்டோர்சியின் குழு 2005இல் சொன்ன விளக்கம் இது. விறைப்புக் குறை தெரிந்து சில வருடம் கழித்து நெஞ்சு வலி வருவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதனால் டிரெட்மில்லில் ஏற்றிப் பார்த்தார்கள். உடலுறவுக்கு வேண்டிய உழைப்பு 3 முதல் 5 மெட் (உடல் உழைப்பை அளக்கும் அலகு). இரண்டு மாடி விறுவிறுவென்று ஏறுவது மாதிரி. இவர் 9 மெட் வரை போனார், ஈசிஜியில் மாற்றம் இல்லை.

மனமா, உடம்பா

இவரைப் பார்த்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தக் குறையில் பெரும்பாலானவர்களிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். எது எதைத் தொடங்கியது, இப்போது எது அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

உடம்பின் பக்கம்: தூண்டுதல் வந்ததும் நரம்பு முனையும் ரத்தக்குழாயின் உட்படலமும் நைட்ரிக் ஆக்சைடை விடும். அது சைக்ளிக் ஜிஎம்பி என்ற சேதிப் பொருளைப் பெருக்கும், மென்தசை தளரும், ரத்தம் நிறையும். அந்தச் சேதியைச் சிதைக்கும் நொதிதான் பிடிஇ-5. சில்டெனாஃபில் அதைத் தடுக்கிறது. நெஞ்சு வலிக்காக ஆராயப்பட்டு, 1998 மார்ச்சில் அமெரிக்காவில் இதற்காக அனுமதி பெற்ற மருந்து அது. சர்க்கரை உட்படலத்தையும் நரம்பையும் ஒருசேரக் கெடுக்கும். சிகரெட்டும் கொழுப்பும் அதே உட்படலத்தின் மேல்தான் கை வைக்கும். 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களைப் பார்த்த மாசச்சூசெட்ஸ் ஆய்வு 1994இல் வெளியானது. அதில் 52 சதவீதத்தினருக்கு ஏதோ ஓர் அளவில் குறை இருந்தது. முழுக் குறை மொத்தத்தில் 9.6 சதவீதம், சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்களில் 28.

மனத்தின் பக்கம்: பயம் வந்தால் நாரட்ரினலின் அதே மென்தசையை இறுக்கும். மருந்து தளர்த்தப் பார்க்கும், பயம் இறுக்கப் பார்க்கும். மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970இல் விவரித்தது இதைத்தான்: ஆள் உறவில் இல்லாமல், ஓரமாக நின்று தன்னையே வேவு பார்க்கிறான். 1980களில் டேவிட் பார்லோவின் குழு ஒரு விநோதமான சோதனை செய்தது. மின் அதிர்ச்சி தருவோம் என்று மிரட்டிவிட்டுக் கிளர்ச்சியூட்டும் படம் காட்டினார்கள். குறை இல்லாதவர்களுக்குக் கிளர்ச்சி கூடியது. குறை உள்ளவர்களுக்குக் குறைந்தது. பதற்றம் மட்டும் காரணம் என்றால் இருவருக்கும் குறைந்திருக்க வேண்டும். கவனம் எங்கே போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் படத்தைப் பார்த்தார். மற்றவர் "வருதா" என்று தன்னையே பார்த்தார்.

அட்டெனோலாலுக்கும் இதில் ஒரு கதை உண்டு. 2003இல் வெளியான ஆய்வில் இதய நோயாளிகள் 96 பேரை மூன்றாகப் பிரித்து, எல்லோருக்கும் அதே மாத்திரையைக் கொடுத்தார்கள். பெயரே சொல்லாத குழுவில் விறைப்புக் குறை 3.1 சதவீதம். பெயர் மட்டும் சொன்ன குழுவில் 15.6. பக்க விளைவையும் சேர்த்துச் சொன்ன குழுவில் 31.2. மாத்திரைக்கு இதில் பங்கே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஃபோனில் படித்த ஒரு வரிக்கும் பங்கு உண்டு.

கைப்பழக்கம், தாது நஷ்டம் பற்றி. நாற்பது துளி ரத்தம் ஒரு துளி விந்து என்ற கணக்கை அவர் பன்னிரண்டு வயதிலிருந்து சுமந்துகொண்டிருந்தார். விந்து நஷ்டக் கவலையும் சோர்வும் சேர்ந்த இந்த நிலைக்கு, டாக்டர் என்.என். விக் 1960இல் தாத் நோய்க்குறி என்று பெயரிட்டு மனநல மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். விந்தின் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரக்கும் நீர்தான். ஒரு முறைக்கு வருவது சில மில்லி. ரத்தத்திலிருந்து வடிவதில்லை, தீர்ந்தும் போகாது. படம் போட்டுக் காட்டி இதைச் சொல்லப் பத்து நிமிடம் ஆயிற்று. அவரோ முப்பது வருடம் சுமந்திருந்தார்.

செய்தவை

பூஞ்சைக்குக் குளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பு, காலை மாலை இரண்டு வாரம். சோப்பு போடாமல் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு. மெட்ஃபார்மின் 500 மி.கி. இரு வேளையில் தொடங்கி, வயிறு பழகியதும் 1000க்கு ஏற்றினார்கள். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை இப்போது வேண்டாம் என்று வைத்தார்கள்; இதயத்துக்கு நல்ல மருந்துதான், ஆனால் முன்தோல் பூஞ்சையைக் கூட்டும். கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டேட்டின். அட்டெனோலாலை டக்கென்று நிறுத்தக்கூடாது, நெஞ்சு படபடக்கும்; இரண்டு வாரத்தில் குறைத்து டெல்மிசார்டான் 40க்கு மாற்றினார்கள்.

விறைப்புக்குத் தடாலாஃபில் 5 மி.கி., தினமும் இரவு. சில்டெனாஃபில் ஒரு மணி நேரத்துக்கு முன் போட வேண்டும். கொழுப்புச் சாப்பாடு அதன் உறிஞ்சலைத் தள்ளிப்போடும். நான்கைந்து மணி நேரத்தில் பாதி கரைந்துவிடும். மாத்திரை போட்ட நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடும். கடிகாரத்தைப் பார்த்துப் பயப்படுகிறவருக்கு அது பொருந்தாது. தடாலாஃபிலின் பாதி ஆயுள் 17.5 மணி நேரம். தினம் போட்டால் ஐந்து நாளில் ரத்தத்தில் சமமாகிவிடும். சாப்பாட்டோடு சண்டையில்லை. எதுவானாலும் ஆசையும் தொடுதலும் இல்லாமல் மாத்திரை மட்டும் விறைப்பைக் கொண்டுவராது. கல்யாண நாள் இரவு தோற்றதற்குப் பிரியாணி, குவார்ட்டர், காத்திருப்பு மூன்றும் காரணம். ஒரு முறை போட்டுப் பார்த்து முடிவு கட்டக்கூடாது. சரியான முறையில் ஆறு முதல் எட்டு முயற்சியாவது வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பலன் கொஞ்சம் குறைவுதான்: 1999இல் வெளியான சில்டெனாஃபில் ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் 56 சதவீதத்தினர் மேம்பட்டார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 10.

எச்சரிக்கைக்கு மனைவியையும் உட்கார வைத்தோம். அம்மாவின் அலமாரியில் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் என்ற நைட்ரேட் மாத்திரை இருந்தது. இவருக்கு நெஞ்சு வலித்தால் வீட்டில் முதலில் கைக்கு வருவது அதுதான். தடாலாஃபில் சாப்பிட்டு 48 மணி நேரத்துக்குள், சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரத்துக்குள், நைட்ரேட் எந்த உருவில் சேர்ந்தாலும் ரத்த அழுத்தம் தரைக்கு இறங்கும், உயிரே போகலாம். நெஞ்சு வலித்தால் 108ஐக் கூப்பிடுங்கள், இந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள் என்று எழுதி, அவர் பர்ஸிலும் அம்மாவின் மருந்து டப்பா மூடியிலும் ஒட்டச் சொன்னோம். தினம் ஒரு மாத்திரை விழுங்குகிறவருக்குப் பாதுகாப்பான இடைவெளி என்று எதுவுமே இல்லை. விறைப்பு நான்கு மணி நேரம் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரி, வெட்கம் பார்க்கக்கூடாது.

நடை: காலை ஐந்தரைக்குக் காந்தி ஸ்டேடியத்தில் 45 நிமிடம், வாரம் ஆறு நாள். குண்டான 110 ஆண்களை இரண்டு வருடம் பார்த்த இத்தாலிய ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றிய 55 பேரில் 17 பேருக்கு விறைப்பு இயல்புக்குத் திரும்பியது. மாற்றாத 55 பேரில் 3 பேருக்குத்தான். டீ இரண்டாகக் குறைந்தது, சர்க்கரை இல்லாமல். தட்டுவடை செட் வாரம் ஒரு முறை. அதை முழுக்க விடச் சொன்னால் சேலத்துக்காரர் அடுத்த முறை வரமாட்டார்.

இடுப்புத் தளத் தசைப் பயிற்சியையும் சேர்த்தோம். வாயுவை அடக்குவதுபோல் ஆசனவாயை உள்ளிழுத்து, விரை லேசாக மேலே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால் சரியான தசை. ஐந்து நொடி பிடித்து, ஐந்து நொடி விட்டு, பத்து முறை. படுத்து, உட்கார்ந்து, நின்று, மூன்று நிலையிலும். வயிற்றை எக்குவதும் பிட்டத்தை இறுக்குவதும் மூச்சைப் பிடிப்பதும் வழக்கமான தவறுகள். அப்படிச் செய்தால் வயிற்றழுத்தம்தான் கூடும். முடிவாக ஒன்று: 2005இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 55 பேரில் 40 சதவீதத்தினர் ஆறு மாதத்தில் இயல்புக்கு வந்தார்கள். மருந்துக் கம்பெனிக்கு லாபம் இல்லாத வைத்தியம் என்பதால் யாரும் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை.

இருவரையும் உட்கார வைத்தபோது

மனைவி முதலில் சொன்னது: "வேற யாரோ இருக்காங்கன்னு நினைச்சேங்க. கேக்கவும் பயம்." இரண்டாவது சொன்னது யாரும் எதிர்பார்க்காதது. ஒரு வருடமாக அவருக்கே உறவின்போது எரிச்சலும் வறட்சியும். வலியில் உடம்பு விறைத்துக்கொள்ளும். அதைக் கணவர் வெறுப்பு என்று எடுத்துக்கொண்டார். மனைவிக்கும் வெள்ளைப்படுதல், அரிப்பு இருந்தது. பார்த்தால் அதே பூஞ்சை. இருவருக்கும் ஒருசேரச் சிகிச்சை. வறட்சிக்குத் தண்ணீர் சார்ந்த ஜெல்; தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

மாஸ்டர்ஸ், ஜான்சன் வகுத்த தொடுதல் பயிற்சியைக் கொடுத்தோம். முதல் விதி கேட்டவர்களைத் திகைக்க வைக்கும்: உறவு தடை. முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை, ஆளுக்கு இருபது நிமிடம். ஒருவர் தொட, ஒருவர் பெற. மார்பும் குறியும் விலக்கு. விறைப்பு வந்தாலும் ஒன்றும் செய்யக்கூடாது. அடுத்த இரண்டு வாரம் எல்லா இடமும் தொடலாம். வந்த விறைப்பை வேண்டுமென்றே தளர விட்டு, மறுபடி வர விட வேண்டும், மூன்று முறை. போனது திரும்பி வரும் என்று உடம்பே கற்றுக்கொள்வதற்காக. அதன் பிறகு அசைவில்லாத நுழைவு, பிறகு அசைவு. பரீட்சையை ரத்து செய்தால், ஓரமாக நின்று வேவு பார்க்கும் அந்தப் பார்வையாளருக்கு வேலை இல்லாமல் போகும்.

இடம்தான் சிக்கல். கூடத்தில் அம்மா, ஓரத்தில் படிக்கும் பையன். இரவு பன்னிரண்டுக்கு விளக்கை அணைத்துக்கொண்டு இந்தப் பயிற்சி நடக்காது. கடைசியில் நேரம் கண்டுபிடித்தவர் மனைவிதான்: ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு, அம்மா கோயிலுக்கு, பிள்ளைகள் ட்யூஷனுக்கு. பட்டறைக்கும் அன்று விடுமுறை.

ஐந்தாவது வாரம் ஒரு சறுக்கல். மச்சான் ஒருவர், "ஏற்காட்டுல ரெண்டு நாள் ரூம் போட்டுக் குடுக்கறேன், போயிட்டு வாங்க மாப்ள" என்று அனுப்பி வைத்தார். இந்தப் பக்கம் எல்லோரும் சொல்லும் மருந்து இது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறுவதற்குள்ளேயே மனத்தில் ஓர் எதிர்பார்ப்பு ஏறிவிட்டது: காசு செலவழித்திருக்கிறோம், இன்று நடந்தே ஆக வேண்டும். தடையை மீறினார்கள், குளிருக்கென்று இரண்டு பெக், தளர்ந்துவிட்டது. இறங்கி வந்தவர் "எல்லாம் போச்சு" என்றார். போகவில்லை. மலையில் தோற்றவருக்கு, இறங்கிய மூன்றாம் நாள் காலை நல்ல விறைப்பு இருந்ததை மனைவிதான் நினைவுபடுத்தினார். இரண்டாம் கட்டத்துக்குத் திரும்பி, மறுபடி அங்கிருந்தே தொடங்கினோம். ஏற்காட்டின் மேல் குற்றமில்லை. தேதி குறித்து உறவு வைக்கப் போனதுதான் தவறு.

ஒன்பது மாதம் வரை

மூன்றாம் மாதம் எச்பிஏ1சி 7.4, ஐஐஇஎஃப்-5 எண் 16. ஆறாம் மாதம் 6.8, எண் 20. இடுப்பு 95 செ.மீ. முன்தோல் வெடிப்பு ஆறாவது வாரமே ஆறிவிட்டது. அந்த வாரத்துக்குப் பிறகுதான் எண் வேகமாக ஏறியது. வலி தீர்ந்ததன் பங்கு மாத்திரையின் பங்குக்குக் குறைந்ததல்ல என்று நினைக்கிறோம். வெள்ளி விலை ஏறி ஆர்டர் நின்ற ஒரு மாதம் மட்டும் எண் 15க்கு இறங்கி, பிறகு தானாக ஏறியது.

எண் 22ஐத் தொடவில்லை. அதிர்வு உணர்வும் திரும்பவில்லை. நரம்பில் ஏற்பட்ட சேதத்தில் ஒரு பகுதி நின்றுவிடும், அதை அவரிடம் மறைக்கவில்லை. சிகரெட் நான்கில் நிற்கிறது. எட்டாம் மாதம் தடாலாஃபிலை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கிப் பார்த்ததில் மூன்று வாரத்தில் காலை விறைப்பு குறைந்தது; தினசரிக்கே திரும்பினார். "எத்தனை நாளைக்கு இந்த மாத்திரைங்க?" என்று கேட்டார். சர்க்கரை மாத்திரை எத்தனை நாளைக்கோ அத்தனை நாளைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், வருடம் ஒருமுறை குறைத்துப் பார்க்கலாம் என்று பதில் சொல்லியிருக்கிறோம். விழித்திரைப் பரிசோதனைக்கும் சிறுநீர் ஆல்புமினுக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. அடுத்த பார்வை மூன்று மாதம் கழித்து, இருவரும் சேர்ந்து வர வேண்டும்.